கழுத்து ஸ்கேனில் ‘ஒடுக்கம்’: படம் சொல்வதும் கைவிரல் சொல்வதும்

எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் தேடுகிறார்கள். ‘இம்ப்ரெஷன்’ என்று தலைப்பிட்ட அந்த நான்கைந்து வரிகளுக்குள் ‘ஸ்பைனல் கெனால் ஸ்டெனோசிஸ்’ (முள்ளந்தண்டுக் குழாய் ஒடுக்கம்) என்ற தொடர் இருந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. ஹட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ உள்ள ஒரு லயத்து வீட்டில் அந்தத் தாளை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் உயர்தரம் படிக்கும் பிள்ளை. இல்லையென்றால் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள். அவன் இணையத்தில் தேடுவான். சத்திரசிகிச்சை, கைகால் விளங்காமல் போதல், சக்கர நாற்காலி என்று வரிசையாக வந்து விழும். வைத்தியரைப் பார்க்கக் கிடைத்த திகதிக்கோ இன்னும் மூன்று வாரம் இருக்கும். அந்த மூன்று வாரத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்பது படத்தில் கண்ட ஓர் அளவைச் சொல்கிறது. அது நோயாக மாறியிருக்கிறதா, மாறிக்கொண்டிருக்கிறதா என்பதைக் கைவிரல்களும் கால்களும்தான் சொல்லும். கழுத்து வலிகூட அதைச் சரியாகச் சொல்லாது. வலி தாங்காமல் அழுகிறவருக்கு ஆபத்து ஏதும் இல்லாமல் இருக்கலாம். வலியே இல்லாமல் பிடவைக்கு ஊசி குத்தத் தடுமாறுகிறவர் உடனே கவனிக்க வேண்டியவராக இருக்கலாம். கிளினிக்கில் நடக்கும் குழப்பங்களில் பாதி, இந்த ஒன்றைத் தலைகீழாக விளங்கிக்கொள்வதால் வருபவை.

கழுத்தில் ஏழு முள்ளென்புகள் உள்ளன. மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை எண்ணிடுவார்கள். அறிக்கையில் ‘சி5–சி6’ என்று இருந்தால் ஐந்தாவது, ஆறாவது என்புகளுக்கு இடைப்பட்ட தட்டைக் குறிக்கிறார்கள். தேய்வு அதிகம் காணப்படுவது இந்த மட்டத்திலும் அதற்கு அடுத்த சி6–சி7 மட்டத்திலும்தான். ஒவ்வொரு என்பின் பின்புறமும் ஒரு துவாரம் இருக்கிறது. என்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது அந்தத் துவாரங்கள் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. அதற்குள் மூளையிலிருந்து இறங்கி வருகிறது முண்ணாண். தமிழ்நாட்டு நூல்களில் தண்டுவடம் என்று இருப்பது இதுதான். வளர்ந்த ஒருவருக்குக் கீழ்க்கழுத்தில் அந்தக் குழாய் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீற்றர் அகலம் இருக்கும். முண்ணாணின் தடிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். மிச்ச இடத்தில் உறைகளும் முண்ணாணைச் சூழ்ந்த திரவமும் இருக்கின்றன. அகலம் 13 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் ஒடுக்கம் என்றும், 10க்குக் கீழே போனால் கடும் ஒடுக்கம் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். சிலருக்குப் பிறவியிலேயே குழாய் சிறியது. அவர்களுக்கு வயதோடு வரும் சாதாரணத் தேய்வே இடத்தைத் தின்றுவிடும்.

தேய்வு மூன்று பக்கமிருந்து வருகிறது. முன்னே, நீர் வற்றித் தட்டையான இடைத்தட்டு பின்னோக்கிப் பிதுங்குகிறது. அதன் விளிம்பில் எலும்பு முளைக்கிறது. பக்கவாட்டில் சிறு மூட்டுகள் பருக்கின்றன. பின்னே, என்புகளைப் பிணைக்கும் மஞ்சள் நிற நார்ப்பட்டை தடித்து உள்நோக்கி மடிகிறது. தலையை அண்ணாந்தால் இந்த மடிப்பு இன்னும் கூடும். ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நோயாளி மல்லாந்து, கழுத்து நேராக, அசையாமல் படுத்திருக்கிறார். கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது அந்தக் கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்று படம் காட்டாது.

இனி அறிக்கையின் வரிகளுக்கு வருவோம்.

‘லாஸ் ஒஃப் சேர்விகல் லோர்டோசிஸ்’ என்றால் கழுத்தின் இயல்பான வளைவு நிமிர்ந்திருக்கிறது என்பதுதான். தசை இறுகியிருந்தாலும், படுத்த விதத்தாலும்கூட அப்படித் தெரியும். இதை வைத்துக்கொண்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘டிஸ்க் டெசிக்கேஷன்’ என்றால் தட்டு நீர் வற்றியிருக்கிறது. நரை முடி வந்திருக்கிறது என்பதைப் போன்ற செய்தி. ‘டிஸ்க் பல்ஜ்’ என்றால் தட்டு சுற்றளவில் சற்று உப்பியிருக்கிறது. ‘புரொட்ரூஷன்’, ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்பவை ஓரிடத்தில் கூடுதலாகப் பிதுங்கியதைச் சொல்பவை. இரண்டாவது முதலாவதை விடப் பெரியது. ‘ஒஸ்டியோஃபைட்’ என்பது எலும்பு முளை.

‘ஃபொராமினல்’ என்ற சொல் வந்தால் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். முண்ணாண் இருக்கும் நடுக்குழாயைப் பற்றி அந்த வரி பேசவில்லை. முண்ணாணிலிருந்து கைக்குப் பிரிந்து போகும் நரம்பு வெளியேறும் பக்கத் துவாரம் குறுகியிருக்கிறது என்கிறது. அங்கே அழுத்தினால் ஒரு பக்கக் கையில் மின்சாரம் பாய்வதைப் போன்ற வலி இறங்கும். சி6 நரம்பென்றால் பெருவிரலும் சுட்டுவிரலும் மரக்கும். சி7 என்றால் நடுவிரல். சி8 என்றால் சுண்டுவிரல். வேதனை கடுமையாக இருக்கும், ஆனால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சத்திரசிகிச்சை இல்லாமலே அடங்கிவிடும். நடுக்குழாய் ஒடுக்கத்தையும் பக்கத் துவார ஒடுக்கத்தையும் ஒன்றாக எண்ணிக் கலங்குகிறவர்கள் ஏராளம்.

நடுக்குழாயைப் பற்றிய வரிகளில் ஒரு படிவரிசை இருக்கிறது. ‘தீக்கல் சாக் இன்டென்டேஷன்’ என்றால் உறை மட்டும் அமுங்கியிருக்கிறது. ‘சீ.எஸ்.எஃப். எஃபேஸ்மன்ட்’ என்றால் சுற்றியுள்ள திரவத்தின் வெள்ளை வரி மறைந்திருக்கிறது. முண்ணாணுக்கு இருந்த ஒதுக்கிடம் தீர்ந்துவிட்டது. ‘கோர்ட் இன்டென்டேஷன்’, ‘கோர்ட் கம்ப்ரெஷன்’ என்று வந்தால் முண்ணாணே உருமாறியிருக்கிறது. கடைசிப் படியில் ‘டீ2 ஹைப்பர்இன்டென்சிட்டி’, ‘கோர்ட் சிக்னல் சேஞ்ச்’ அல்லது ‘மைலோமலேசியா’ என்று எழுதியிருப்பார்கள். சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டிய முண்ணாணுக்குள்ளே வெளுப்பான ஒரு திட்டு தெரிகிறது, அங்கே திசு வீங்கியோ சேதப்பட்டோ இருக்கிறது என்று அர்த்தம். 2011இல் கொரியக் கதிரியக்க வைத்தியர்கள் வெளியிட்ட, பூச்சியம் முதல் மூன்று வரையான தரவரிசையும் ஏறத்தாழ இதே ஒழுங்கில்தான் போகிறது: திரவ வெளி அடைபடுதல், முண்ணாண் உருமாறுதல், முண்ணாணின் நிறம் மாறுதல். ஆகவே ‘ஸ்டெனோசிஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் அதோடு நிற்காமல், ‘கோர்ட்’ என்ற சொல் எங்கே வருகிறது, அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘நோ கோர்ட் சிக்னல் சேஞ்ச்’ என்று இருந்தால் அது நல்ல செய்தி. அந்த ‘நோ’வைக் கவனிக்காமல் விட்டுவிட்டு அழுதவர்கள் உண்டு.

இந்த வரிகளை எழுதும் கதிரியக்க நிபுணர் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் அல்லர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கண்டதையெல்லாம் பதிவு செய்வது அவருடைய கடமை. எது பொருட்படுத்தத்தக்கது என்று தீர்மானிப்பது, அந்தப் படத்தையும் நோயாளியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வைத்தியரின் வேலை.

சுகமாக இருப்பவர்களைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1990இல் அமெரிக்காவில் எந்தக் கழுத்துத் தொல்லையும் இல்லாத 63 பேரை ஸ்கேன் செய்தபோது, நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 28 விழுக்காட்டினரின் படத்தில் ஏதோ ஒரு பெரிய குறை இருந்தது. 1998இல் ஜப்பானில் 497 பேரைப் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் தட்டுத் தேய்வு. 2015இல் அதே நாட்டில் 1,211 பேர்: 87.6 விழுக்காட்டினருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. 5.3 விழுக்காட்டினருக்கு முண்ணாணே அமுங்கியிருந்தது. இவர்கள் எல்லோரும் நடந்து வந்து, படுத்து எழும்பி, நடந்து போனவர்கள். மலைப் பாதையில் வளைவு ஒடுங்கியிருப்பது வேறு, பஸ் பாறையில் உரசுவது வேறு. படம் காட்டுவது வளைவின் அகலத்தை.

உரசத் தொடங்கிவிட்டதை எப்படி அறிவது? முண்ணாண் அழுத்தப்படும்போது முதலில் கெடுவது பெரும்பாலும் விரல்களின் நுணுக்கம். பலம் அப்படியே இருக்கும். தண்ணீர் வாளியைத் தூக்க முடியும். பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போடத்தான் நேரம் எடுக்கும். சில்லறைக் காசைப் பொறுக்க முடியாது. ரொட்டி தட்டினால் வட்டம் வராது. சம்பளப் பட்டியலில் போடும் கையெழுத்து கோணிப்போகும். கவ்வாத்துக் கத்தி கையிலிருந்து நழுவும். இரண்டு கையும் கையுறை போட்டதைப் போல மரத்திருக்கிறது என்பார்கள்.

தேயிலைக் கொழுந்து பறிப்பது விரல் நுணுக்கம் நிறைந்த வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை, கண் பார்த்ததை விரல் கிள்ள வேண்டும். அந்த வேலைக்கு நாள்தோறும் நிறுவைக் கணக்கும் உண்டு. இருபது வருடமாகக் குறையாமல் பறித்தவரின் கொழுந்து, மடுவத்தில் நிறுக்கும்போது மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போனால், அரைப்பெயர் (அரைநாள் சம்பளம்) விழத் தொடங்கினால், கங்காணி அதைச் சோம்பல் என்பார். வீட்டில் வயது என்பார்கள். என்னுடைய கருத்தில், வலியில்லாமல் நிறை குறைந்துகொண்டே போகும் ஒரு கொழுந்துக்காரியின் கணக்கு எந்த மருத்துவப் பரிசோதனைக்கும் சளைத்த சான்று அல்ல. அதை யாரும் கிளினிக்குக் கொண்டுபோவதில்லை என்பதுதான் வருத்தம்.

கால்கள் அடுத்து. நடை விறைக்கும், அகலும். சமதரையில் இது தெரியாமல் போகலாம். வைத்தியசாலையின் வழுவழுப்பான தரையில் பத்து அடி நடந்து காட்டச் சொன்னால் நன்றாகவே நடந்துவிடுவார். அதே ஆள் லயத்துப் படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடிப்பார்; ஈரப் புல்லில் கான் தாண்டும்போது தயங்குவார்; இருட்டில் கழிப்பறைக்குப் போக டோர்ச் இல்லாமல் கால் வைக்க மாட்டார். ஏறுவதை விட இறங்குவதுதான் முதலில் கடினமாகும். செருப்பு காலிலிருந்து கழன்று போவது தெரியாமல் இரண்டடி நடந்துவிடுவதும் ஓர் அடையாளம். தாழ்நாட்டில் ஒருவருக்கு ஒரு வருடம் கழித்துத் தெரிய வருவது மலையில் முன்கூட்டியே தெரிந்துவிடும், கவனித்தால்.

இன்னும் சில உண்டு. தலையைக் குனியும்போது முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை ஷொக் அடிப்பதைப் போன்ற உணர்வு. சிறுநீர் அவசரமாக வருதல், அல்லது கழிக்கத் தொடங்கச் சிரமப்படுதல். இந்தக் கடைசி அறிகுறியைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கவே பலருக்கு நேரம் இருப்பதில்லை.

வைத்தியர் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுப் பெருவிரல் அசைகிறதா என்று பார்ப்பார். உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பார். முழங்காலில் சுத்தியலால் தட்டுவார். ஒரு காலின் விரலுக்கு முன் மறு காலின் குதியை வைத்துக் கோட்டில் நடக்கச் சொல்வார். பத்து வினாடியில் கையை எத்தனை முறை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுவதும் ஒரு பரிசோதனை. சாதாரணமாக 20 முறை வர வேண்டும். இது வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது. ஆனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயைச் சரியாக இனங்காண்பதற்குச் சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று இஸ்ரேலிய ஆய்வு ஒன்று 2013இல் சொன்னது. வசதியுள்ள நாட்டில் அந்தக் கதி. இங்கே கை மரத்தால் முதலில் வாயு. பிறகு தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரை. பிறகு சீனி வியாதி நரம்பைத் தாக்கியிருக்கிறது என்று விற்றமின் மாத்திரை. பிறகு மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று ஒரு கட்டு. இவை எல்லாம் உண்மையாகவும் இருக்கக்கூடியவையே. சீனி வியாதியும் பி12 குறைபாடும் விரல்களை மரக்கச் செய்யும். மணிக்கட்டு அழுத்தம் தோட்டப் பெண்களுக்கு வரக்கூடியதுதான். ஆனால் சீனி வியாதியோ மணிக்கட்டு அழுத்தமோ முழங்கால் தட்டலைத் துள்ள வைக்காது, இரண்டு காலையும் விறைக்க வைக்காது; பி12 குறைபாடு மட்டும் முற்றி முண்ணாணைத் தாக்கினால் அப்படிச் செய்யக்கூடும். கையும் காலும் சேர்ந்து தடுமாறினால் கேள்வி கழுத்துக்குத்தான் போக வேண்டும்.

கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஊழியர் ஒருவர் சிங்களத்தில் சொல்வார்; நீங்கள் பத்து வரியில் சொன்னது ஒரே வரியாகி, ‘கழுத்து வலி’ என்று போய்ச் சேரும். அதனால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்காதீர்கள். பொத்தான், படிக்கட்டு, நிறுவை, சிறுநீர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று சொல்லுங்கள். படிக்கிற பிள்ளை இருந்தால் முன்கூட்டியே ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஐந்து வரி எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடட்டும். அறிக்கைத் தாளோடு படத்தாள் அல்லது சீடியும் போக வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் அறிக்கையை விடப் படத்தைத்தான் நம்புவார். அரசாங்க வைத்தியசாலையில் ஸ்கேனுக்குக் காத்திருப்பு நீளம் என்று நகையை அடகு வைத்துத் தனியாரிடம் எடுத்தவர்கள், அந்தப் படத்தை மழையில் நனைய விட்டுவிட்டு இரண்டாவது முறை காசு கட்டுவது கொடுமை.

கூடைதான் காரணமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். பத்துக் கிலோவுக்கு மேல் கொழுந்து சேர்ந்த கூடையின் கயிறு தலையில் பதிந்திருக்க, கழுத்தை முன்னே தள்ளி, சரிவில் ஏறி இறங்கும் வாழ்க்கை கழுத்துக்கு நல்லது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சில இடங்களில் கூடைக்குப் பதில் பை வந்தும் கயிறு தலையை விட்டு இறங்கவில்லை. மாலையில் அதே தலையில் விறகுக் கட்டு. ஆனால் கூடையைத் தொட்டே பார்க்காத ஆசிரியருக்கும், ஃபெக்டரி எழுதுவினைஞருக்கும் இதே ஒடுக்கம் வருகிறது. வயதும், பிறவிக் குழாயின் அளவும், பரம்பரையும், புகைத்தலும் அதில் பங்கு கொள்கின்றன. கூடை மட்டும்தான் காரணம் என்று அறுதியிட்டால் தோட்டத்துக்கு வெளியே உள்ளவர் தனக்கு வராது என்று இருந்துவிடுவார். கூடைக்குப் பங்கே இல்லை என்றால் சுமையை முதுகுக்கும் தோளுக்கும் மாற்றும் பேச்சே எழாமல் போய்விடும். சுமை மாற வேண்டும் என்பதற்கு ஸ்கேன் சான்று தேவையும் இல்லை.

சிகிச்சையில், முண்ணாண் பாதிப்பின் அறிகுறி இருக்கிறதா இல்லையா என்பதே பாதையைப் பிரிக்கிறது. அறிகுறியின் கடுமையை 18 புள்ளிக் கணக்கொன்றில் அளக்கிறார்கள்; முழுப் புள்ளி என்றால் பாதிப்பு இல்லை. கை, கால், உணர்வு, சிறுநீர் ஆகிய நான்கும் அதில் சேரும். 15 முதல் 17 வரை இலேசு, 12 முதல் 14 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. 2017இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல், நடுத்தரமும் கடுமையும் என்றால் சத்திரசிகிச்சை என்கிறது. இலேசானவர்களுக்குச் சத்திரசிகிச்சை அல்லது கண்காணிப்போடு கூடிய இயன்மருத்துவம் (பிசியோதெரபி), கூடினால் சத்திரசிகிச்சை. படத்தில் மட்டும் அழுத்தம், உடலில் ஓர் அறிகுறியும் இல்லை என்றால் முன்கூட்டியே வெட்ட வேண்டாம் என்கிறது. செக் நாட்டில், படத்தில் அழுத்தம் இருந்தும் முண்ணாண் பாதிப்பின் அறிகுறி இல்லாத 199 பேரைப் பின்தொடர்ந்தபோது, முதல் வருடத்தில் 8 விழுக்காட்டினருக்கு அறிகுறி தோன்றியது. சில வருடங்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். மிச்சமுள்ளவர்கள் சுகமாக இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கத்தி அல்ல, கிளினிக் திகதியைத் தவறவிடாமை.

சத்திரசிகிச்சை என்றால் கழுத்தின் முன்பக்கம் திறந்து தட்டை எடுத்து இரண்டு என்புகளை இணைப்பது, அல்லது பின்பக்கம் திறந்து குழாயின் கூரையை அகற்றுவதோ விரிப்பதோ. மலையகத்து நோயாளிகள் பலர் இதற்காகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார்கள். செய்தால் பழைய கை திரும்பி வருமா? பலருக்கு ஓரளவு வருகிறது, ஆனால் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. முண்ணாணில் நெடுங்காலம் இருந்த சேதம் அப்படியே இருந்துவிடலாம். காத்திருந்து காத்திருந்து நடக்க முடியாத நிலையில் போகிறவருக்கும், பொத்தான் போட முடியாத நிலையிலேயே போகிறவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. வீட்டாரின் அச்சமும் இதே இடத்தில்தான்: ‘ஒப்பரேஷன் செய்து படுத்துவிட்டால்?’ அந்த ஆபத்து சிறிய அளவில் இருக்கவே செய்கிறது. எவ்வளவு என்று சத்திரசிகிச்சை நிபுணரிடமே நேரடியாகக் கேளுங்கள். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை வேண்டாம் என்று சொல்லப்பட்டவருக்கும் சில விலக்குகள் உண்டு. தலையில் கயிறும் விறகும் வேண்டாம். சலூனில் முடி வெட்டிய பின் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது கூடாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று தலையைப் பிடித்து இழுப்பவரிடமும் போகக் கூடாது. ஒடுங்கிய குழாயில் அந்த ஒரு திருகல் போதும். கழுத்துப் பட்டியை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் தசைதான் நலியும்.

எல்லாவற்றையும் விட விழுவதுதான் பெரிய ஆபத்து. சறுக்கி விழுந்து முகம் அடிபட்டு, தலை பின்னோக்கி வளைந்தால், எலும்பு முறியாமலே முண்ணாண் நசுங்கலாம். கால்கள் அசையும், கைகள் மட்டும் சோர்ந்து தொங்கும். அப்படி விழுந்தவரை உட்கார வைத்து, தலையை மடியில் தூக்கித் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். இந்த இடத்தில் அது தீங்கு. தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி கிடத்தி, அசைக்காமல், 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துக்குள் பாதை சரியில்லை என்று தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், பலகையிலோ கதவிலோ கிடத்தி, தலையின் இருபக்கமும் துணிச் சுருள் வைத்து, நான்கு பேராகத் தூக்க வேண்டும். முச்சக்கர வண்டியில் மடக்கி உட்கார வைக்கக் கூடாது. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று வீட்டுக்குப் போகச் சொன்னாலும், கை பலவீனமாகவோ மரத்தோ இருந்தால் பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கையை எடுத்துக் காட்டி, கழுத்தில் ஒடுக்கம் இருப்பது முன்பே தெரியும், முண்ணாணைப் பாருங்கள் என்று கேட்க வேண்டும். எக்ஸ்ரேயில் முண்ணாண் தெரியாது.